பார்க்கும் முன்னே சொல்

விஸ்கான்சினில் ஏப்ரல் என்றால்
பாதி பனி, பாதி சேறு.
சரளைக் குழியை ஒட்டிய சுடுகளத்தில்
ஈரத் தார்ப்பாய்மேல் குப்புறக் கிடக்கிறோம் பதினான்கு பேர்:
குளிர்காலத்தில் சாலைப் பனி வழிக்கும் லாரி ஓட்டும் நான்,
பல்செட் செய்கிற ஒருவர்,
ஒரே துப்பாக்கியை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும் தம்பதி,
இடது ஓரத்தில் சுவா லோர்,
ஆஸ்பத்திரி இரவுப்பணி முடித்து
உடை மாற்றாமல் வந்தவள்.

சொல்லிக்கொடுப்பவள் பிரின். இருபத்தாறு வயது.
மற்ற நாட்களில் வெல்டிங். முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு.
என் முழங்கையைப் பூட்ஸ் நுனியால் நகர்த்தி
"எலும்பு தாங்கட்டும்" என்கிறாள்,
"தசை பொய் சொல்லும்."

தோல்வாரைப் புஜத்தில் இறுக்கியதும்
விரல்கள் கத்தரிக்காய் நிறம்.
கண்ணை மூடு. மூச்சை விடு. கண்ணைத் திற.
ரைஃபிள் தானாகப் பார்க்கும் இடம் எது?
என்னுடையது பக்கத்து ஆளின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது.
கையால் இழுக்காதே, இடுப்பை நகர்த்து.
ஐம்பத்து மூன்று வயதில்
இடுப்பை நகர்த்துவதுதான் பெரும்பாடு.

மூச்சு போய், அடுத்தது வருமுன்
ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது,
அங்கேதான் விசை.
அவசரம் வேண்டாம், குடியிருக்கவும் முடியாது.

வெடித்ததும் தலையைத் தூக்கக் கூடாது.
தாளைப் பார்க்கும் முன்னே சொல்ல வேண்டும்:
சுட்ட கணத்தில் முனை எங்கே நின்றது?
"நடுவில்" என்றேன்.
நடுவில் ஒன்றுமில்லை.
"நடுவில் என்பது உன் ஆசை," என்றாள் பிரின்.
"நான் கேட்டது அதை இல்லை."

மதியம் சூப்பு, கல்லாய் ஒரு ரொட்டி.
பிக்கப் வண்டியின் பின்கதவில் ஏறி நின்று கதை சொன்னாள்:
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து, இதே மாதம், பத்தொன்பது.
லெக்ஸிங்டன் ஊர்ப் புல்வெளி, விடியும் நேரம்.
இந்தப் பக்கம் உழவரும் கொல்லருமாய் எழுபது எண்பது பேர்.
அந்தப் பக்கம் சிவப்பு அங்கி வரிசைகள்.
கலைந்து போங்கள் என்று ஒரு குரல்.
பிறகு ஒரு வெடி.

"சுட்டது யார்?" சுவா கேட்டாள்.
"தெரியாது. இவர்கள் அவர்கள் என்றார்கள்,
அவர்கள் இவர்கள் என்றார்கள்.
இன்றுவரை தெரியாது."

சுவா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.
"லாவோஸில் ஒரு மலை. எங்களுக்கும் ஒரு விடியல் இருக்கிறது.
அதற்குத் தேதிகூடக் கிடையாது."
பல்செட்காரர் ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார்.
வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை போலும்.

ஊர்க்காரர் எட்டுப் பேர் செத்தார்கள் அந்தக் காலையில்.
முதல் வெடிக்காரன், எந்தப் பக்கமோ,
சட்டென்று தலையைத் தூக்கியிருப்பான்.
அவன் பக்கத்தில் பிரின் இல்லை.

பிற்பகல் நாற்பது தோட்டா.
சுவாவின் ஐந்து ஓட்டைகளை ஒரு நாணயம் மூடிவிடும்.
என் தாளுக்கு அம்மை போட்டிருந்தது.

இரவு மோட்டலில் முழங்கை எரிந்தது.
தம்பி கார்வின் நினைவு வந்தான், கூப்பிடாமலே.
அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், படகுக் கொட்டகையில்,
ஒரு பழைய மோட்டாருக்காக.
அவன்தான் ஆரம்பித்தான் என்று
ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.
நடுவில், நடுவில் என்று.

ஞாயிறு காலை தார்ப்பாயில் உறைபனி.
கண்ணை மூடு. மூச்சை விடு.
சுட்டேன். தலையைத் தூக்கவில்லை.
"கீழே. வலது. விசையைப் பிடுங்கிவிட்டேன்."
பிரின் தொலைநோக்கியில் குனிந்து பார்த்தாள்.
"கீழே. வலது."
குறி தப்பியதற்கு
இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை
அவள் பார்த்திருக்க மாட்டாள்.

எல்லோர் காதிலும் அடைப்பான்.
அந்தத் தைரியத்தில்
இன்னொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன்:
கொட்டகை. முதல் சொல். என்னுடையது.

பிறகு குண்டறையில் மஞ்சள் கொடியைச் செருகி
எழுந்தேன், ஒரு முட்டி முன்னும்
ஒரு முட்டி பின்னுமாக.